எது போனா அழுவீங்க?

எங்கள் திருத்துறைப்பூண்டியில் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் கூப்பிடுவதற்கு அப்போது நாலைந்து பேர் இருந்தார்கள். அதில் முக்கால்வாசி ஃபார்மட் கட்சி. வந்து உட்காருவதற்கு முன்பே "ஃபார்மட் அடிச்சிடலாம் மேடம்" என்பார்கள். தலைவலி என்று போனால் மொட்டை அடித்து அனுப்புகிற வைத்தியம். மிச்சம் இருந்தது சிஸ்டம் அக்கா ஒருவர்தான். அவருக்கு அம்மா அப்பா வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. என் போனில் இன்றைக்கும் அவர் சிஸ்டம் அக்காதான்.

முதல் தடவை அவரைக் கூப்பிட்டது ஒரு தை மாத முகூர்த்த சீசனில். நான் வீட்டிலேயே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவள். கேமராக்காரர்கள் படங்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். மாப்பிள்ளையின் வழுக்கையைக் கொஞ்சம் மறைத்து, பெண்ணின் சித்தியை ஓரமாக நகர்த்தி, பக்கம் பக்கமாக அடுக்கித் தருவது என் வேலை. அந்த வாரம் என் கம்ப்யூட்டர் ஒரு படத்தைத் திறப்பதற்குள் நான் ஒரு உலை வைத்து இறக்கிவிடலாம் என்கிற நிலைமை. போனில் அக்காவிடம் கத்திவிட்டேன். "உடனே வாங்க, எனக்கு தலையே வெடிக்குது!"

அவர் உடனே வரவில்லை. மறுநாள் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். உர மூட்டைச் சாக்கில் தைத்த ஒரு பையைத் தோளில் மாட்டியிருந்தார். திருவாரூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆராதனை முடிகிறவரை போனை எடுக்க மாட்டார், கம்ப்யூட்டர் தீப்பிடித்து எரிந்தாலும். வந்தவர் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. என் எதிரில் நாற்காலியைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதுல எது போனா அழுவீங்க?"

எனக்குப் புரியவில்லை. "என்னக்கா கேக்கறீங்க?"

"இந்தப் பெட்டி இப்பவே செத்துப்போச்சுன்னு வைங்க. உள்ள இருக்கறதுல எது போனா உக்காந்து அழுவீங்க?"

"நான் ஸ்லோவா இருக்குன்னு இப்பவே அழுதுக்கிட்டு இருக்கேன். அத மொதல்ல பாருங்க."

அவர் பார்க்கவில்லை. கட்டிய கை கட்டியபடியே காத்திருந்தார். இந்த மாதிரி ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் அடுத்தவங்க கல்யாணம். நான் எதுக்கு அழணும்?" என்றேன்.

அவர் பையிலிருந்து ஒரு சின்னத் துண்டுச் சீட்டை எடுத்தார். "ஒன்றும் இல்லை" என்று மணிமணியாக எழுதி, கீழே தேதி போட்டார். சிபியூவின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி அதன் உட்புறத்தில் அந்தச் சீட்டை ஒட்டினார். கோர்ட்டில் வாக்குமூலம் கொடுத்துவிட்டது மாதிரி இருந்தது எனக்கு.

இது எல்லா வீட்டிலும் அவர் செய்கிற வேலை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு வீட்டில் மகள் ஆடிய ஆண்டுவிழா வீடியோ, ஒரு வீட்டில் நிலத்து வில்லங்கப் பத்திரம், இன்னொரு வீட்டில் வெளிநாட்டுப் பையன் அனுப்பிய குரல் செய்திகள். என்ன சொல்கிறார்களோ அதை எழுதி உள்ளே ஒட்டி, முதலில் அதைப் பிரதி எடுத்துவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரையே கையில் எடுப்பார். "ரிப்பேர்ங்கறது அப்புறம். மொதல்ல அழுகைய பத்திரமா எடுத்து வைக்கணும்" என்பார். எனக்கு அழுகையே இல்லை என்று சொன்ன பிறகும் அன்றைக்கு எல்லாக் கல்யாணத்தையும் நாலு மணி நேரம் உட்கார்ந்து பிரதி எடுத்தார். நான் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அவர் வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அதன்பிறகு விசிறியைக் கழற்றிக் காட்டினார். உமித்தூசியும் நூலாம்படையுமாக ஒரு மரக்கால் தேறும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினார். ஒரு பச்சை நிறப் பட்டையைப் பிடுங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற ரப்பரால் அதன் ஓரத்தைத் தேய்த்தார். நான் வைரஸுக்குப் பயந்து மூன்று ஆன்டி வைரஸ் போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஒரே கேட்டுல மூணு வாட்ச்மேன். ஒருத்தன ஒருத்தன் திருடன்னு நெனச்சு பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. வீட்டுக்காரங்க எப்படி உள்ள போறது?"

இரண்டைத் தூக்கினார். சாயங்காலம் என் கம்ப்யூட்டர் புது மாப்பிள்ளை மாதிரி ஓடியது. போகும்போது வெளியே நாலு செங்கல் கிடந்ததைப் பார்த்து எடுத்து வந்து சிபியூவுக்கு அடியில் வைத்தார். "தரையில வைக்காதீங்க. நம்ம ஊர்ல தண்ணி சொல்லிட்டு வராது." நான் சரி சரி என்று தலையை ஆட்டி அனுப்பிவைத்தேன்.

அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. நாம் பாஸ்வேர்டு போடுகிற நேரத்தில் எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். சும்மா முகத்தைத் திருப்பிக்கொள்வதோடு நிற்க மாட்டார். எழுந்து, நடந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "என் வீட்டுக்காரர் பேரும் ஒண்ணு ரெண்டு மூணும்தான்க்கா, பாத்தா பாருங்க" என்றேன் ஒரு நாள். திரும்பாமலேயே திட்டினார். "அத ஏன் என்கிட்ட சொல்றீங்க? இப்ப மாத்துங்க. மாத்தி முடிச்சதும் கூப்பிடுங்க, அதுவரைக்கும் நான் மாட்டைப் பாத்துக்கிட்டு இருக்கேன்." வெளியே உண்மையிலேயே எங்கள் மாடு ஒன்று நின்றது. பதினைந்து நிமிடம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

படங்களைத் திறக்கும்போதும் இதே கதைதான். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். படத்தைப் பார்க்க மாட்டார். நானோ, தெருவில் யார் வீட்டு வாசலில் புதுச் செருப்பு கிடந்தாலும் யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் தூங்காத ஜாதி. எனக்கு இவர் ஒரு அதிசயம். "கொஞ்சம்கூட ஆசையா இருக்காதாக்கா?" என்று கேட்டேன். "இருக்கும். அதான் எழுந்து போறேன்" என்றார்.

ஒரு தடவை ஏதோ ஒரு நம்பரிலிருந்து ஒரு பெண் பேசினாள். "சிஸ்டம் அக்கா அனுப்புனாங்க மேடம். உங்களுக்கு ஒரு லிங்க் வரும், அழுத்துங்க, கம்ப்யூட்டர் இன்னும் ஸ்பீடா ஆயிடும்." ஸ்பீடு என்றால் நான் கிணற்றிலும் குதிப்பேன். அழுத்திவிட்டேன். திரையில் கொட்டை எழுத்தில் "நான்தான்" என்று வந்தது. மறுநாள் காலையில் வாசலில் அக்காவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவருடைய அண்ணன் மகளைப் பேச வைத்து என்னைச் சோதித்திருக்கிறார்!

"நான் அனுப்புனேன்னு சொன்னா அழுத்திடுவீங்களா?"

"உங்க பேர சொன்னாங்களேக்கா."

"என் பேர யாரு வேணும்னாலும் சொல்லுவாங்க. நானே போன் பண்ணி, நானே என் வாயால கேட்டாலும் குடுக்காதீங்க. அழுத்தாதீங்க, திறக்காதீங்க, அனுப்பாதீங்க. நேர்ல வாங்கன்னு சொல்லுங்க. வந்தா நான். வரலைன்னா நான் இல்ல."

எனக்கு அவமானமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னை எதற்குக் கூப்பிட்டாலும் "நேர்ல வாங்க" என்று சொல்லிக் காட்டினார்.

இனி ஜோசியர் விஷயத்துக்கு வருகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் அக்காவைச் சொன்னதாக ஆகாது.

அக்காவுக்கு ஒரு கொள்கை இருந்தது. பிரதி எடுத்த டிஸ்க் அதே வீட்டில் இருக்கக் கூடாது. "சாப்புடற நெல்லையும் விதை நெல்லையும் ஒரே எடத்துல போடுவீங்களா? எங்க அப்பா பாதி விதைய அத்தை வீட்டுல குடுத்து வைப்பாரு. அத்தை வீட்டு விதை எங்க வீட்டுல கெடக்கும். ரெண்டு ஊரும் ஒண்ணா முழுகாதுல்ல." அதே கணக்கில் தன் வாடிக்கைக்காரர்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்து வைத்திருந்தார். ஒருவருடைய டிஸ்க் இன்னொருவர் வீட்டுப் பீரோவில் இருக்கும். மாதத்துக்கு ஒரு தடவை அவரே வாங்கிவந்து, புதிதாக ஏற்றி, திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு துணிப்பையில் போட்டு வெள்ளை நூலால் முடிச்சுப் போட்டிருப்பார். பூட்டுப் போடலாமே என்றால், "பாஸ்வேர்ட மறந்துட்டு என்கிட்டதான் வந்து நிப்பாங்க. முடிச்சு போதும்" என்பார்.

எனக்கு வாய்த்த ஜோடி திருவாரூரில் ஒரு ஜோசியர். அவரை நான் பார்த்ததே இல்லை. ஆயிரக்கணக்கான ஜாதகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தாராம். ஜில்லாவின் ஜாதகமெல்லாம் என் பீரோவில், கல்யாணமெல்லாம் அவர் பீரோவில். நல்ல பொருத்தம்தான்.

எட்டு மாதம் ஒழுங்காக இருந்தேன். ஒன்பதாவது மாதம் என் நாத்தனாருக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீடு திருவாரூர். அவர்கள் எல்லாம் அந்த ஜோசியரிடம்தான் பார்ப்பார்கள் என்று காதில் விழுந்தது. அவ்வளவுதான், பீரோவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்தத் துணிப்பை என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. முடிச்சை அவிழ்த்தேன். சொருகினேன். தேடினேன். மாப்பிள்ளையின் ஜாதகம் கிடைத்தே விட்டது.

கட்டம் கட்டமாக இருந்தது. கட்டத்துக்குள் ஏதேதோ இரண்டெழுத்து. எனக்கு ஜாதகம் பார்க்கத் தெரியாது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. திருடப் போன இடத்தில் இரும்புப் பெட்டியைத் திறந்து, உள்ளே சாமான் என்னவென்று தெரியாமல் திரும்பிய கதை. எடுத்து, பையில் போட்டு, அழகாக ஒரு முடிச்சுப் போட்டு வைத்துவிட்டேன்.

அந்த மாதம் அக்கா வந்தார். பையைக் கையில் வாங்கினார். நூலைப் பார்த்தார்.

"இது நான் போட்ட முடிச்சு இல்ல."

"எலி கடிச்சு அவுத்துருக்கும்க்கா. எங்க வீட்டுல எலித் தொல்லை."

"எலி முடிச்ச அவுக்கும். திரும்பப் போட்டு வைக்காது."

என் வாய் கண்டபடி பேச ஆரம்பித்தது. ஒரு டிஸ்கைத் தொட்டதற்கா இவ்வளவு, நான் என்ன கொலையா செய்துவிட்டேன், படித்தால்கூடப் புரியவில்லை என்றெல்லாம் கத்தினேன். அக்கா கத்தவில்லை. ஜோசியர் டிஸ்கைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் திருவாரூரிலிருந்து என்னுடைய டிஸ்கைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அதில் அவருடைய முடிச்சு அப்படியே இருந்தது. ஜோசியர் தொடவே இல்லை.

"அடுத்தவங்க விதை நெல்லு உங்க வீட்டுல தங்காது. உங்களுது உங்ககிட்டயே இருக்கட்டும். வேற எடம் நீங்களே பாத்துக்குங்க" என்றார்.

போகட்டும் போ என்று நானும் இருந்துவிட்டேன். என் டிஸ்க் என் பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. வேறு இடம் தேடவில்லை. அவர் வைத்த செங்கற்களைக்கூட எடுத்துத் தண்ணீர் டிரம்முக்கு முட்டுக் கொடுத்தேன். எனக்குக் கோபம் வந்தால் மூளை தனிக்குடித்தனம் போய்விடும்.

அடுத்து வந்த ஆவணியில் ஒரு கல்யாண வேலை வந்தது. பெண் பக்கத்து ஊர்தான். எங்கள் ஆட்களைப் போலவே கூலி வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பம். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. கல்யாணமான பத்தாவது நாள் அவர் விமானம் ஏறிவிட்டார். அந்தப் பெண் மூன்று நாளைக்கு ஒரு தடவை எனக்குப் போன் செய்வாள். "ஆல்பம் அக்கா, எங்க படம் எதுவரைக்கும் வந்துருக்கு?" அவளுக்குப் புருஷன் என்று கையில் இருந்தது அந்தப் பத்து நாளும் இந்தப் படங்களும்தான். கேமராக்காரர் அடுத்த முகூர்த்தத்துக்காகக் கார்டை அழித்துவிட்டிருந்தார். ஆக, உலகத்திலேயே அந்தக் கல்யாணம் இருந்தது இரண்டு இடத்தில். என் கம்ப்யூட்டரில் ஒன்று, நானே பிரதி எடுத்துப் பீரோ அடித்தட்டில் போட்ட டிஸ்கில் ஒன்று.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் குறுவை நெல் ரோட்டில் காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்து எங்கே? கொள்முதல் நிலையத்தில் கையை விட்டுப் பார்த்து "ஈரம்" என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிய நெல். பாதியை அள்ளி வந்து கூடத்து மேடையில் குவித்திருந்தோம். மிச்சத்துக்குத் தார்ப்பாய் போட்டு மூட நானும் வீட்டுக்காரரும் ரோட்டுக்கு ஓடியிருந்த நேரத்தில் வாய்க்கால் உடைத்துக்கொண்டது. திரும்பி வந்தால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். சிபியூ கழுத்து வரை நின்றுகொண்டிருந்தது. பீரோவின் அடித்தட்டு முழுகிவிட்டது.

எனக்கு அந்த நிமிடம் வீடோ நெல்லோ ஞாபகத்துக்கு வரவில்லை. "எங்க படம் எதுவரைக்கும் வந்துருக்கு?" என்ற அந்தக் குரல்தான் வந்தது.

தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் போட்டு வைத்தால் சரியாகிவிடும் என்று ஊரே சொல்கிறது இல்லையா? என் மூளை அதைப் பிடித்துக்கொண்டது. அரிசி இரண்டு படிதான் இருந்தது. நெல்லோ மேடையில் மலையாகக் குவிந்திருந்தது. அரிசிக்கே இந்த மகிமை என்றால் நெல்லுக்கு எவ்வளவு இருக்கும்! சிபியூவைத் தூக்கி நெல் குவியலுக்குள் கழுத்தளவு புதைத்தேன். டிஸ்கைப் பக்கத்தில் புதைத்தேன். இரண்டு நாள் அப்படியே இருந்தது. மழை விட்டதும், ரோஷத்தை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"கரண்டு குடுத்தீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றேன். ஊரிலேயே கரண்டு இல்லை. இருந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

சேற்றில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். நெல் குவியலையும் அதிலிருந்து எட்டிப் பார்த்த என் சிபியூவையும் பார்த்தார். குவியலுக்குள் கையை விட்டார். உள்ளே கொதகொதவென்று சூடு. ஈர நெல் குவித்து வைத்தால் வெந்துபோகும் என்பது எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"கொள்முதல்ல ஈரம்னு திருப்பி அனுப்புன நெல்லு தானே இது?"

"ஆமாக்கா."

"அந்த ஈரத்துல இந்த ஈரத்த காய வச்சீங்க."

"ஆமாக்கா."

இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், மழையில் சுவர் இடிந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரர்கூட என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன்.

அக்கா சிரிப்பை நிறுத்தினார். பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். உள்ளே அந்தச் சீட்டு ஊறித் தொங்கிக்கொண்டிருந்தது. "ஒன்றும் இல்லை" என்று எழுதிய மை பாதி கரைந்திருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுச் சீட்டை எடுத்தார்.

"இப்ப சொல்லுங்க. எது போனா அழுவீங்க?"

சொன்னேன். அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். சிங்கப்பூரைச் சொன்னேன். பத்து நாளைச் சொன்னேன். அவர் பெயரை எழுதித் தேதி போட்டார். "வருமாக்கா?" என்றேன். "தெரியாது. நீங்க போயி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வாங்க" என்றார்.

"வந்துதா வரலையான்னு தெரிஞ்சப்புறம் சொல்றேனே."

"அது ரிசல்ட்டு சொல்றது. இப்ப சொன்னாத்தான் உண்மை சொல்றது. அவ சாமான் அவளுக்கு தெரியாம சாகக் கெடக்குது. போங்க."

போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் நடந்ததே இல்லை. அந்தப் பெண் வாசலில் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். சொன்னேன். நெல்லில் புதைத்த கதை வரைக்கும் மறைக்காமல் சொன்னேன். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் தண்ணீர் சொட்டுவது நின்று நேரமாகிவிட்டது.

"ஒண்ணாச்சும் வருமா ஆல்பம் அக்கா? ஒரே ஒண்ணு?" என்றாள்.

பத்து நாள் அக்கா அந்த இரண்டு பொருளோடு குடித்தனம் நடத்தினார். தன் வீட்டு மேஜையில் பிரித்துப் போட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் பச்சைப் பலகையைக் கழுவி, நெல்லின் சுணையை ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தார். "அரிசியும் வேணாம் நெல்லும் வேணாம். காத்தாட வச்சாலே பாதி பொழைச்சுக்கும்" என்று முணுமுணுத்தார். நான் தினமும் பஸ் ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவசரப்படுத்தவில்லை. வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். பீரோவில் இருந்த டிஸ்க் உயிரை விட்டுவிட்டது. சிபியூவுக்குள் இருந்தது மட்டும் ஐந்தாம் நாள் அசைந்தது. எட்டாம் நாள் திரையில் ஒரு எண் ஏற ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, ஒன்பது, நாற்பது. அக்கா எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டார். "நீங்க பாத்து சொல்லுங்க. உங்க பொறுப்பு" என்றார். நான் ஒன்றைத் திறந்தேன். தாலி கட்டுகிற படம். மாப்பிள்ளை முடிச்சுப் போடத் தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கிறார், பெண் அடக்க முடியாமல் சிரிக்கிறாள்.

பந்திப் படங்கள் மட்டும் வரவில்லை. அந்தப் பெண் வந்து எல்லாவற்றையும் பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்து, மூக்கைத் துடைத்து, கடைசியில் சொன்னாள்: "நல்லவேளை, எங்க மாமியார் சாப்புடற போட்டோதான் போச்சு." அக்கா ஜன்னலில் நின்றபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து அக்கா ஊரை விட்டுக் கிளம்பினார். மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கிளம்புவதற்கு முதல் நாள் என் வீட்டுக்கு வந்தார். உர மூட்டைப் பையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து என் கையில் வைத்தார். வெள்ளை நூல், அவருடைய முடிச்சு.

"என்னுது. அங்க ஒண்ணு எடுத்துட்டுப் போறேன். இது இங்க இருக்கட்டும். நீ வச்சுக்க."

அத்தனை வருடத்தில் அவர் என்னை "நீ" என்று சொன்னது அன்றைக்குத்தான். இந்த ஊரில் ஐம்பது வீடு இருக்கிறது அவருக்கு, ஜோசியர்கூட இருக்கிறார், முடிச்சை அவிழ்த்தவள் வீட்டில் கொண்டுவந்து வைக்கிறாரே! "எது போனா அழுவீங்கக்கா?" என்று கேட்கத் துடித்தது. நானும் ஒரு சீட்டு எழுதி ஒட்ட வேண்டாமா? கேட்கவில்லை. பீரோவின் மேல் தட்டில் பட்டுப் புடவைக்குப் பின்னால் வைத்தேன். அன்றைக்கே செங்கற்களையும் டிரம்மிலிருந்து எடுத்து சிபியூவுக்கு அடியில் வைத்தேன்.

மூன்று வருடம் அந்தப் பை அங்கேயே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வாரத்துக்கு ஒரு தடவையாவது அது என்னைக் கூப்பிட்டது. ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.

போன மாசியில் ஒரு நாள் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. அக்காவின் குரல், கம்மிப் போயிருந்தது.

"எங்கிட்ட இருந்தது போயிடுச்சும்மா. தண்ணி இல்ல, மழை இல்ல, சும்மா வச்ச எடத்துலயே செத்துப்போச்சு. நீ அந்தப் பைய அவுத்து சொருவி, மொத ஃபோல்டர மட்டும் எனக்கு அனுப்பிவிடு."

அவர் குரல்தான். எனக்கு நூற்றுக்கு நூறு தெரியும். கை பீரோ வரைக்கும் போய்விட்டது. அப்படியே நின்றேன்.

"நேர்ல வாங்கக்கா" என்றேன்.

என் வீட்டுக்காரர் கையை விரித்து, "அக்காவயே சந்தேகப்படறியா? பைத்தியமா உனக்கு?" என்று சைகை காட்டினார். இது சோதனையாக இருந்தால் பரவாயில்லை. சோதனை இல்லை என்றால்?

"வரேன்" என்றார். போன் கட் ஆகிவிட்டது.

சோதனை இல்லை. மூன்றாம் நாள் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். இளைத்திருந்தார், முடி நன்றாக வெளுத்திருந்தது. அவ்வளவு தூரம் அலையவிட்டேனே என்று நான் கையைப் பிடித்துக்கொண்டபோது, "சரியாத்தான் செஞ்சே" என்று மட்டும் சொன்னார். பையை எடுத்துக் கொடுத்தேன். முடிச்சைப் பார்த்தார். விரலால் ஒரு தடவை தடவினார்.

"என் முடிச்சுதான்."

அவர் அதை அவிழ்த்து என் கம்ப்யூட்டரில் சொருகினார். யாரும் சொல்லாமலேயே நான் எழுந்து நடந்துபோய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அறுவடை முடிந்த வயலில் வாத்துக்காரர் மந்தையை இறக்கிவிட்டிருந்தார். பின்னால் மவுஸ் ஒரு தடவை சொடுக்குகிற சத்தம் கேட்டது. இரண்டாவது தடவை. பிறகு வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"இருக்கு" என்றார் அக்கா, என்னிடம் இல்லை, யாரிடமோ. "இருக்கு, இருக்கு, எல்லாம் இருக்கு."

அப்புறம் அவர் அழ ஆரம்பித்தார். போனால் அழுவது எது என்று ஊரையெல்லாம் கேட்டவர், அது போகாமல் இருந்ததற்கு என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது எனக்கு. நான் வாத்துகளை எண்ணினேன். நூற்றுப் பதினாலு வரை எண்ணினேன். அவை நகர்ந்துகொண்டே இருந்ததால் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.